தேயிலைக்கு முன்னே தங்கம்

நீலகிரி என்றதும் தேயிலைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் மலைகளைத் தங்கத்துக்காக லண்டன்காரர்கள் போட்டி போட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு.

அங்கே தங்கம் இருப்பது பணியருக்கும் குறும்பருக்கும் எப்போதோ தெரியும். ஓடை மணலை மரத்தட்டில் அள்ளி, தண்ணீர் விட்டுச் சுழற்றுவார்கள். மண் கரைந்து ஓடும், கனமான பொன்துகள் அடியில் தங்கும். நாள் முழுக்க அலசினால் கூலிக்குத் தேறும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரருக்கு அது போதவில்லை. 1879-ல் பிரோ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் ஆஸ்திரேலிய அனுபவத்தோடு வந்தார். மறு ஆண்டே நம்பிக்கை பொங்க ஓர் அறிக்கை! அவ்வளவுதான், லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் பறந்தன. காடாகக் கிடந்த பந்தலூரில் ஓட்டல் வந்தது, குதிரைப் பந்தயத் திடலும் வந்தது. தங்கம் மட்டும்தான் வரவேண்டியிருந்தது!

வெண்கல் பாறையை இடித்துப் பொடியாக்கிப் பாதரசத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். டன் கணக்கில் இடித்தும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. மலேரியா வேறு ஆளைச் சாய்த்தது. இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. என்னைக் கேட்டால், அந்த மலையில் நிஜமாகப் பணம் பார்த்தவர்கள் நிலத்தை விற்றவர்கள்தான்.

பிற்பாடு அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே வேலை கொடுத்தன. பழைய சுரங்கங்கள் தேவாலாப் பக்கம் இன்னும் வாய் திறந்தே கிடக்கின்றன. திருட்டுத்தனமாகத் தங்கம் தேடி உள்ளே இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு.