அயல்நாட்டில் ஒரு பருவம்: அஞ்ச வேண்டாம்

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் ஆசிரியர் எழுந்து புத்தி சொல்வது வழக்கம். இன்று நான் புத்தி சொல்ல வரவில்லை. என் வீட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல வந்திருக்கிறேன். அதில் புத்தியில்லாமல் நடந்துகொண்டவன் நான்தான்.

என் தங்கையை உங்களில் பலருக்குத் தெரியும். இதே பள்ளியில் ஆறாண்டு படித்து, இதே மேடையில் பரிசு வாங்கியவள். பிறகு புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளி, அதன்பின் பல்கலைக்கழகம் என்று படிப்படியாகப் போனாள். அங்கே ஸ்பானிய மொழியைப் பாடமாக எடுத்தாள். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒருநாள் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே, ஒரு செமஸ்டர் ஸ்பெயினுல படிக்க எடம் கெடச்சிருக்கு. வீட்டுல கையெழுத்து வேணும்."

அப்பா இல்லாத வீடு. மூத்தவன் என்ற முறையில் நான் சொல்வதுதான் முடிவு. "பார்க்கலாம்" என்று சொல்லி அந்தப் பாரத்தை மேசை லாச்சியில் போட்டேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது.

பெண் பிள்ளை, தெரியாத ஊர், செலவு என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய கையோடு எனக்கும் மேற்படிப்புக்கு ஓரிடம் வந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேச வராதே, நாலு பேர் சிரிப்பார்களே என்று அஞ்சி அதைக் கைவிட்டவன் நான். அந்த என் பயத்தைத்தான் தங்கை தலையில் கட்டப் பார்த்தேன்.

பத்தாம் நாள் அம்மா கேட்டார். அம்மா பால்மரம் சீவுகிறவர். தம் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர்.

"ஏன்டா, புள்ள குடுத்த கடுதாசி எங்க?"

"அது ரொம்பத் தூரம்மா."

"எங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப இந்த ஊரு மட்டும் கிட்டவா இருந்துச்சு?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அன்றிரவே கையெழுத்துப் போட்டேன். உதவித்தொகை கைக்கு வருமுன் விமான டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அம்மா தம் சீட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

அவள் போன ஊரின் பெயர் சலமான்கா. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டு தொடங்கியது. ஸ்பெயினில் இன்றும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் அதுவே மிகப் பழமையானது. அதன் பழைய கட்டடத்தின் முகப்பில் நிறையச் சிற்பங்கள் உண்டு. அவற்றுக்குள்ளே ஒரு மண்டையோட்டின் மேல் ஒரு சின்னத் தவளை உட்கார்ந்திருக்கிறது. யாரும் காட்டிக் கொடுக்காமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் தேறுவார் என்பது அவ்வூர் நம்பிக்கை. தங்கை இதைச் சொன்னபோது, "நீ அந்தத் தவளையைப் பார்த்தாய், இங்கே ஒரு கிணற்றுத் தவளை உட்கார்ந்திருக்கிறது" என்று என்னையே சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொன்னால் அது பொய். பிப்ரவரி மாதக் குளிர் எலும்பைக் குத்தியது. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். விரிவுரையாளர்கள் பேசும் வேகத்திற்கு இவள் காது ஈடுகொடுக்கவில்லை. மூன்று வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் தொலைபேசியில் அழுதாள். "ஒண்ணுமே புரியலண்ணே. திரும்பி வந்துடவா?"

"வந்துடு" என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது இங்கே விடியற்காலை நாலரை மணி. பிப்ரவரியில் ஸ்பெயின் நம்மைவிட 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை. பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அம்மா தொலைபேசியை வாங்கினார்.

"சாப்டியா? பருப்பு கிடைக்குதா அங்க?"

"கெடைக்குதும்மா."

"அப்புறம் என்ன? ஆக்கிச் சாப்பிடு. நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடு."

பருப்பு கிடைத்தது உண்மைதான். சலமான்காவை அடுத்த வட்டாரம் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் பேர்போனது. உருளைக்கிழங்கையும் முட்டையையும் சேர்த்துக் கனமாகச் சுடும் ‘தோர்த்திய்யா’வையும் அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வேடிக்கை நடந்தது. ஸ்பானிய மொழியில் ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நாக்கை உருட்டிப் ‘பெர்ரோ’ என்றால் நாய். "மழை பெய்கிறது, ஆனால் நான் வருவேன்" என்று சொல்ல நினைத்தவள், பதற்றத்தில் நாக்கை உருட்டி, "மழை பெய்கிறது, நாய் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டாள். கூட இருந்த மாணவிகள் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தது. நான் இருபத்திரண்டு வயதில் எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஓடினேனோ, அந்தச் சிரிப்பே அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இனி நான் சொல்லப் போவதை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மலாய் மொழியில் ‘சாயா சாக்காப், ஆவாக் சாக்காப், டியா சாக்காப்’ என்கிறோம். யார் பேசினாலும் வினைச்சொல் மாறுவதில்லை. ஸ்பானிய மொழியில் அப்படியில்லை. ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா’ என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். பிற நாட்டு மாணவர் சிலர் இதில் திணறினர். ஆசிரியை என் தங்கையைப் பார்த்து, "உன் மொழியில் எப்படி?" என்று கேட்டாராம். அவள் எழுந்து போய்ப் ‘பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள்’ என்று பலகையில் தமிழில் எழுதினாள். ‘நான்’, ‘நீ’ என்று சொல்லாமலே யார் பேசுவது என்று விளங்கும். ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான். மரியாதைக்கு நமக்கு ‘நீங்கள்’ இருப்பதுபோல அவர்களுக்கு ‘உஸ்தெத்’ இருக்கிறது. நம் ஞகர ஒலிக்கு அவர்களிடமும் தனி எழுத்து உண்டு. அவர்கள் தங்கள் நாட்டையே ‘எஸ்பாஞா’ என்றுதான் சொல்கிறார்கள்.

கடினமும் உண்டு. நமக்கு உயிரில்லாத பொருளெல்லாம் அஃறிணை. அவர்களுக்கு வீடு பெண்பால், புத்தகம் ஆண்பால். மேசையும் பெண்பால்தான். மேசைக்கு அங்கே ‘மேசா’ என்று பெயர். நம் மேசையும், மலாய்க்காரர் சொல்லும் ‘மேஜா’வும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. 1511இல் மலாக்காவைப் பிடித்தார்களே, அவர்கள்தாம். போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள். ‘பெண்டேரா’, ‘கெமேஜா’ என்று நம் பிள்ளைகள் சொல்லும்போதே பாதி ஸ்பானியம் பேசிவிடுகிறார்கள். அங்கே கொடிக்குப் ‘பண்டேரா’, சட்டைக்குக் ‘கமீசா’.

சலமான்காவில் பயின்று, பின் அங்கேயே கற்பித்தவர் நெப்ரிகா என்ற அறிஞர். அவர் 1492இல் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை வெளியிட்டார். அதை அந்த நாட்டினர் எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்! அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியம் பெற்ற நாமோ, ‘தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை தேறுமா?’ என்று கேட்கிறோம். மூன்று மொழிகளைச் சுமந்து வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு நான்காவது மொழி மலையல்ல.

பெற்றோர்களுக்குச் சில செய்திகள். ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி. நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியில் பட்டப்படிப்பே இருக்கிறது. ஒரு பருவம் என்பது நான்கைந்து மாதம். ஐரோப்பாவில் ‘எராஸ்முஸ்’ என்று ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987இல் தொடங்கியது. இப்போது ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மாணவர்களும் இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே உடன்பாடு இருந்தால் அதில் போகலாம். 90 நாளுக்கு மேல் தங்குவதால் மாணவர் விசா எடுக்க வேண்டும். எந்தப் பாடம் அங்கே படித்தால் இங்கே எதற்கு ஈடாகும் என்பதைப் போகுமுன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். என் தங்கை அங்கே போனபின் ஒரு பாடத்தை மாற்றினாள். இங்கே ஒப்புதல் வாங்க மறந்தாள். அந்தப் பாடம் கணக்கில் சேரவில்லை. திரும்பி வந்து வேறொன்று கூடுதலாகப் படித்தாள். அது அவள் தவறு. உங்கள் பிள்ளை அதைச் செய்யாதிருக்கட்டும்.

2023 ஜூலையில் அவள் திரும்பி வந்தாள். இப்போது தலைநகரில் வேலை பார்க்கிறாள். அலுவலகத்துக்கு ஸ்பானிய மொழியில் வரும் கடிதமெல்லாம் அவள் மேசைக்குத்தான் போகிறது. அம்மாவின் சீட்டுப் பணத்தை முதல் மூன்று சம்பளத்தில் கொடுத்துத் தீர்த்தாள்.

பிள்ளைகளே, தப்பாகப் பேசப் பயப்படாதீர்கள். சிரித்தால் கூடச் சிரியுங்கள். பிறகு சரியாகச் சொல்லுங்கள். பெற்றோர்களே, நாளைக்கு உங்கள் பிள்ளையும் ஒரு பாரத்தோடு வந்து நிற்கும். அது ஸ்பெயினாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் விடுதிப் பள்ளியாகவும் இருக்கலாம். விசாரியுங்கள், கணக்குப் பாருங்கள், தேவையானால் மறுத்தும் சொல்லுங்கள். ஆனால் என்னைப்போல உங்கள் பயத்தைப் பிள்ளையின் பயமாக்கி, பாரத்தை லாச்சியில் போட்டுவிடாதீர்கள்.