மாதவிலக்கும் இரத்தசோகையும்



கூச்சத்தால் நாம் பேசாது விட்டுவிடும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டுள்ளோம். ஆடவர் எழுந்து செல்ல வேண்டியதில்லை. அவர்களும் அறிய வேண்டியதே இது.

பெண்ணின் அடிவயிற்றில், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் கருப்பை அமைந்துள்ளது. கவிழ்த்து வைத்த பேரிக்காய் போன்ற வடிவம். நீளம் ஏறத்தாழ 7 செண்டிமீட்டர். அதன் இருபுறமும் கருக்குழாய்கள். அவற்றின் முனையருகே, பாதாம் பருப்பைப் போன்ற இரு சூலகங்கள். மாதந்தோறும் சூலகத்திலிருந்து பெரும்பாலும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருகின்றது. அது கருவுற்றால் தங்கி வளர்வதற்கென்று கருப்பையின் உட்சுவர் இரத்தம் நிறைந்து தடிக்கின்றது. கருவுறாவிடில், ஏறத்தாழ 14 நாட்களில் அப்படலம் கழன்று இரத்தத்துடன் வெளியேறுகின்றது. குழந்தைக்கென விரித்த படுக்கை, தேவைப்படாமையால் சுருட்டப்படுகின்றது, அவ்வளவே. இதனைக் 'கெட்ட இரத்தம்' என்று லயங்களில் கூறக் கேட்கிறோம். நம் உடலில் ஓடும் அதே இரத்தந்தான் அது.

ஒரு விலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்த விலக்கின் முதல் நாள் வரை 28 நாட்கள் என்பர். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்கள் வரை இருப்பதும் இயல்பே. நாட்காட்டியில் குறித்து வருதல் நன்று.

நாம் வலியுறுத்த விரும்புவது இரத்த இழப்பைப் பற்றியே. ஒரு விலக்கில் இயல்பாக வெளியேறுவது 30 முதல் 40 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80ஐக் கடந்தால் மிகுதி. இதை எவர் அளந்து பார்ப்பார்? ஆயினும் அடையாளங்கள் உண்டு. மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்தல், பெரிய கட்டிகள் விழுதல், ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல் ஆகியவை அவை. இரத்தத்தோடு இரும்புச் சத்தும் போய்விடுகின்றது. உணவு அதனை ஈடுசெய்யாவிடில் இரத்தசோகை உண்டாகின்றது. மேட்டு நிரையில் பால் மரம் வெட்டும்போது மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் இதனால் இருக்கலாம். 'உடம்புச் சூடு' என்று மோரைக் குடித்துவிட்டு மறுநாளும் வாளி தூக்கச் செல்வதால் பயனில்லை. சுகாதார நிலையத்தில் சிறிதளவு இரத்தம் எடுத்தே இதனைக் கண்டறிவர். அங்குத் தரும் இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும். அதற்கு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். அது தீங்கன்று. மாத்திரையுடன் தேநீர் மட்டும் வேண்டா. அது சத்தை உடலில் சேரவிடாது. ஈரல், மீன், பருப்பு, கீரை ஆகியவற்றுடன் கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம்.

ஐம்பது வயதையொட்டி விலக்கு நின்றுவிடும். நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி கண்டாலும் அது விலக்கன்று. பெரும்பாலும் சிறு காரணமே இருக்கும். சிலருக்குப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அமையும். பேரப்பிள்ளை கண்ட வயதில் இதை எவ்வாறு சொல்வது என்று மறைக்காமல், தாமதமின்றித் தாதியிடம் சொல்லிவிட வேண்டும்.