பழைய இரும்பு குப்பை இல்லை, மூலப்பொருள்

(சந்தவாசலில் குழு உறுப்பினர்களிடையே பேசியது)



"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவி வண்டி வந்த காலம் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். தேய்ந்த கொழு, ஓட்டை வாளி, தறியில் கழித்த கம்பி எல்லாம் போட்டு ஒரு கைப் பழம் வாங்கினோம். அந்த இரும்பு எங்கே போகுது?

காயலான் கடையிலிருந்து லாரி ஏறி உருக்காலைக்குப் போகிறது. கும்மிடிப்பூண்டியில் இப்படிப் பல ஆலைகள் உண்டு. மின்சார உலையில் சுமார் 1,600 டிகிரி சூட்டில் அது தண்ணியா உருகும். அதை வார்த்து, உருட்டி, வீடு கட்டும் கம்பியாக்குகிறார்கள். சேலம் உருக்காலையிலும் 2010-ல் மின் உலை வந்தது. அங்கே பழைய எவர்சில்வரையும் உருக்கிப் புதுத் தகடு செய்யலாம்.

ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதும் 630 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்று மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு பழைய இரும்புக் கொள்கை சொல்கிறது. அப்படியானால் நம்ம கொல்லையில் கிடப்பது குப்பையா? மூலப்பொருள்!

ஆனால் பிரித்த சரக்குக்குத்தான் மதிப்பு. இரும்போடு செம்பு சேர்ந்து உருகிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. உருட்டும்போது வெடிப்பு விடும். எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பு ஒட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஒட்டாது. எவர்சில்வரில் சில ரகம் ஒட்டும், சில ஒட்டாது; அதைத் தனியாக வையுங்கள். இவை எல்லாம் இரும்பைவிட விலை கூடுதல். ஒரே மூட்டையாகப் போட்டால் எல்லாம் இரும்பு விலைக்கே போயிடும்.

2. செம்புக்காக ஒயரை எரிக்காதீங்க. அந்தப் புகை விஷம். பேட்டரியை உடைக்காதீங்க, அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

3. மூடிய சிலிண்டர், அடைத்த டப்பாவைச் சரக்கில் கலக்காதீங்க. உலையில் வெடிக்கும். அங்கே நிற்பதும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான்.

4. பத்து வீட்டுச் சரக்கைச் சேர்த்து, இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, முத்திரை போட்ட தராசில் எடை போட்டு விற்கலாம். யார் வீட்டுச் சரக்கு எத்தனை கிலோ என்று பதிவேட்டில் எழுதணும். யாருடையது என்று தெரியாத ஒயர், கம்பியை வாங்கவே கூடாது. வழக்கு நம்ம தலையில் விழும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு காந்தத்தோடு வாங்க. பிரித்துப் பார்ப்போம், எடை போடுவோம், கணக்கில் ஏற்றுவோம்.