"போலீசு, கோர்ட்டு நமக்கு எதுக்கு?"

(பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்காக ஆரம்பாக்கத்தில் நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி கேட்டு நமக்கு வரும் மனுக்களில் பி.காம்., இன்ஜினியரிங், நர்சிங், ஐ.டி.ஐ. எல்லாம் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலேயே இருப்பதால் மெக்கானிக்கல் டிப்ளமோவும் நிறைய. அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்ல படிப்புகளே. ஆனால் சட்டம், குற்றவியல், தடயவியல் என்று எழுதிய மனு அரிதாகவே வருகிறது. காரணம் கேட்டால் பெற்றோர் சொல்வது, "போலீசு, கோர்ட்டு நமக்கு எதுக்கு பாய்? ஒதுங்கி இருப்பதே நல்லது" என்பதுதான்.

நாம் ஒதுங்கினாலும் அது நம்மை விட்டு ஒதுங்காது. கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையில் குடியிருக்கிறோம். சாலை விபத்து, காண்ட்ராக்ட் சம்பளத் தகராறு, கஞ்சா வழக்கு என்று ஏதோ ஒன்று எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். 2025 ஜூலையில் இதே ஆரம்பாக்கத்தில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை நாம் யாரும் மறக்கவில்லை. பல நாள் தேடலுக்குப் பிறகே சந்தேக நபர் பிடிபட்டார்.

அப்படியொரு வழக்கில் எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கேமரா பதிவுகளைப் பொறுமையாகப் பார்த்து ஆளை அடையாளம் காண ஒருவர் வேண்டும். பிள்ளையை அச்சுறுத்தாமல் பரிசோதிக்க மருத்துவர் வேண்டும். தடயங்களை ஆய்வு செய்ய விஞ்ஞானி வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சீருடை அணியாத அதிகாரி, கூடுமானவரை பெண் அதிகாரி, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பதிய வேண்டும். பிறகு மனநல ஆலோசகர், அரசு வழக்கறிஞர், நீதிபதி. இவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வீட்டில் பிறந்து, ஏதோ ஒரு கல்லூரியில் படித்து வந்தவர்கள்தாம். அந்த வீடு நம் வீடாக ஏன் இருக்கக் கூடாது?

இதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாமலே உள்ளே இருக்கிறார்கள். இவர்களில் ஏழைகள் நிறைய. ஜாமீனுக்கு ஆளில்லாதவர், என்ன கேட்க வேண்டும் என்று தெரியாத குடும்பம் என்று எல்லா மதத்தாரும் எல்லா சாதியாரும் இருக்கிறார்கள்.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் விரும்பும் வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். இந்த இரண்டு செய்தியும் தெரிந்த ஒரு பிள்ளை தெருவில் இருந்தால், அந்தத் தெரு முழுவதற்கும் அது பாதுகாப்பு.

சிலர் மார்க்கத்தைக் காட்டித் தயங்குகிறார்கள். "வக்கீல் என்றால் பொய் சொல்ல வேண்டும், அந்தச் சம்பாத்தியம் ஹலாலா?" என்கிறார்கள். பொய் சொல்பவனுக்கு எந்தத் தொழிலும் ஹராம்தான், அது மளிகைக் கடையானாலும் சரி. குற்றம் சாட்டுபவர் அதை ஆதாரத்தோடு நிரூபிக்கட்டும் என்று கேட்பது பொய்யாகாது. ஆதாரமில்லாமல் யாரையும் தண்டிக்காதே என்பது நம் ஃபிக்ஹ் நூல்களில் பழகிய விதிதானே.

சூரா அன்னிஸாவின் 105-ஆவது வசனம் முதல் வரும் பகுதிக்கு தஃப்ஸீர் ஆசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைப் பின்னணியாகக் கூறுகிறார்கள். மதீனாவில் ஒரு கவசம் திருடு போனது. எடுத்தவர் முஸ்லிம் என்று அறியப்பட்டவர். பழியோ ஒரு யூதர் மேல் போடப்பட்டது. எடுத்தவரின் குடும்பத்தார் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். வஹீ இறங்கி, பழி சுமந்த அந்த யூதரை நிரபராதி என்று காட்டியது. ஆகவே நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போவது நம் ஆட்களைக் காப்பாற்றுவதற்காக மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நீதி அமானிதம். எதிரே நிற்பவர் யாரானாலும் அதை ஒப்படைத்தாக வேண்டும்.

"பெண் பிள்ளைக்கு இது சரிவருமா?" என்ற கேள்வியும் உண்டு. பத்தனம்திட்டாவில் பிறந்த பாத்திமா பீவி அம்மையார் வேதியியலில் மேற்படிப்புப் படிக்க விரும்பினார். சட்டம் படிக்கச் சொன்னவர் அவருடைய வாப்பா. 1958-இல் முன்சீப் ஆனார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். வாப்பாமார்கள் அந்த வாப்பாவையும் நினைத்துப் பாருங்கள்.

இனி வழிகளைச் சொல்கிறோம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப்படிப்பு உண்டு. ஏதேனும் பட்டம் பெற்ற பின் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. அரசு சட்டக் கல்லூரிகளுக்கான சேர்க்கையை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இயங்கிய பழைய சட்டக் கல்லூரி 2018-இல் இரண்டாகி, ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூருக்கே வந்துவிட்டது. குற்றவியல் பாடத்தை முதுகலையில் படிக்க சென்னைப் பல்கலைக்கழகமும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் உள்ளன. வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்குத் தடயவியல் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் செல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆகவே இத்துறையில் ஆட்களின் தேவை கூடும்.

கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். குற்றவியல் பட்டம் வாங்கியதும் காக்கிச் சட்டை கிடைத்துவிடாது. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும், ஆனால் எழுத்துத் தேர்விலும் உடல் தகுதியிலும் தேற வேண்டும். ஜூனியர் வக்கீலுக்கு முதல் சில ஆண்டுகள் வருமானம் சொற்பம். "தடயவியல்" என்று பெரிய பேனர் கட்டும் தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன், பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா, ஆய்வகம் இருக்கிறதா, முன்பு படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். அரசுப் பணிகளில் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்கான சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

2006-இல் வந்த சச்சார் அறிக்கை, ஐ.பி.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 4 சதவீதம் என்று கணக்கிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டது போதும். தேர்வு எழுத ஆள் அனுப்பாத ஊர், தேர்வு பெறவில்லை என்று குறைப்பட முடியாது.

பெற்றோர்களே, பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் நிரப்பவும், மனுவைப் பரிசீலிக்கவும் நாங்கள் இருக்கிறோம். காவல் நிலைய வாசலில் ஓர் ஏழைத் தாய் அழுதுகொண்டு நிற்கும்போது, "உள்ளே வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லும் அதிகாரி நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும். அந்தப் பாக்கியத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.