ஒரு லிட்டரும் ஆயிரம் லிட்டரும்

(ஏற்காட்டில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தோம். இந்தச் சேர்வராயன் மலை மண்ணில் பாக்சைட் இருக்கிறது. 1965 முதல் 2008 வரை மேட்டூரில் மால்கோ ஆலை அலுமினியம் உருக்கியபோது, இந்த மலையின் பாக்சைட்டும் அங்கே போனது.

அந்த முறையை 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரால்ட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அப்போது ஹாலுக்கு வயது 22. அவருடைய சின்ன மூசையில் கலவை உறையாமலிருக்க வெளியே அடுப்பு எரிக்க வேண்டியிருந்தது. 1888-ல் பிட்ஸ்பர்க்கில் பெரிய தொட்டி வைத்ததும், மின்சாரம் தந்த சூடே போதுமானதாயிற்று. அடுப்பு வேண்டாம்னு ஆச்சு!

காரணம் எளியது. நீள, அகல, உயரம் பத்து மடங்கானால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு. பரப்பு நூறு மடங்குதான். சூடு வெளியேற வழி குறைகிறது. ஹாலுக்கு அது வரம். எனக்கு?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஆலையின் பெயர் வேண்டாமே. ஒரு லிட்டர் குடுவையில் அருமையாக நடந்த, வெப்பம் உமிழும் வினை ஒன்றை ஆயிரம் லிட்டர் கலனுக்கு மாற்றும் பொறுப்பு என்னுடையது. அளவையெல்லாம் ஆயிரத்தால் பெருக்கினேன். ஊற்றும் நேரம் மட்டும் அதே அரை மணி.

"சார், ஜாக்கெட் தண்ணி இதுக்குத் தாங்குமா? கொஞ்சம் கொஞ்சமா விடலாமே" என்றார் இரவு ஷிப்ட் ஆபரேட்டர்.

"கணக்கு போட்டாச்சு அண்ணே" என்றேன். போட்டது பெருக்கல் மட்டும்தான்.

பத்தாவது நிமிடம் வெப்பநிலை கிடுகிடுவென ஏறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் வால்வை மூடி, எல்லோரையும் வெளியே விரட்டினார். கலன் பொங்கி வழிந்தது. யாருக்கும் காயமில்லை.

மறுநாள் அறிக்கையில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் போதும் என்றார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், எழுதியும் விட்டேன். மத்தியானம் கேன்டீனில் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்து, "சாப்டீங்களா சார்?" என்றார். திரும்பிப் போய் அதைக் கிழித்துவிட்டு, 'என் கணக்கு தவறு' என்று எழுதினேன். அந்த வருஷ ஊதிய உயர்வு போனது, தூக்கம் வந்தது.

பிறகு 20 லிட்டர், 200 லிட்டர் என்று படிப்படியாக ஏறினோம். ஆயிரம் லிட்டரில் ஊற்ற ஐந்து மணி நேரம் ஆனது. கலன் பக்கத்தில் அவரே நின்றார்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, மலை ஏற வளைவுகள் வேண்டும். நேரே ஏறப் பார்க்காதீர்கள். கலனருகில் நிற்பவரைக் கேட்காமல் வால்வைத் திறக்காதீர்கள்.