வண்டி எந்த நேரத்தில் வரவேண்டும்?

இன்று நூலக அறிவியலில் பட்டம் பெறும் இளைஞர்களே!

1931-ஆம் ஆண்டு நம் துறைக்கு இரண்டு கொடைகளைத் தந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ அச்சேறியது அந்த ஆண்டில்தான். மன்னார்குடிப் பக்கம் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி ஒன்று ஊர் ஊராகப் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூலகமே கிளம்பிப் போனது.

2020 ஊரடங்கில் நான் பணியாற்றிய கிளை நூலகம் பூட்டிக் கிடந்தது. சிறுவர் வாசகர் வட்டத்தை வாட்ஸ்அப்பில் தொடங்கினோம். காலை 11 மணிக்குக் கூகுள் மீட்டில் கதை நேரம். பிள்ளைகள் வரவில்லை. விசாரித்தபோதுதான் புரிந்தது: பல வீடுகளில் இருப்பது ஒரே கைபேசி, ஊரடங்கு தளர்ந்ததும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு 8 மணிக்கு மாற்றினோம். இணைய முடியாதவர்களுக்குக் கதையைக் குரல்பதிவாக அனுப்பினோம். வண்டி எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதை ஊரைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

இன்னொரு தவறும் செய்தேன். குழுவில் சேர்ந்த எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு தாய் அதைச் சுட்டிக்காட்டினார். அன்றே ஒலிபரப்புப் பட்டியலுக்கு மாறினோம்; அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம்மை நம்பிக் குழந்தைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு நாம் காட்டவேண்டிய முதல் மரியாதை இது. அதுபோலவே, எழுத்தாளரின் உழைப்பைத் திருட்டு பிடிஎஃப்பாகச் சுற்றுக்கு விடாதீர்கள். ஸ்டோரிவீவர் இணையதளத்தில் திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது.

வாரந்தோறும் கூகுள் படிவத்தில், எத்தனை பக்கம் வாசித்தீர்கள் என்று கேட்டோம். ஒரு சிறுவன் தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் என்றே நிரப்பியிருந்தான். தொலைபேசியில் அழைத்தேன். “கதை பிடிக்கல சார். மோட்டார் ரிப்பேர் பத்தி புக் இருக்கா?” என்றான். இருந்தது, யாரும் தொடாமல் கடைசி அடுக்கில் இருந்தது. நூலகம் மீண்டும் திறந்த அன்று வாசலில் நின்ற முதல் பிள்ளை அவன்தான்.

வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அதைக் கருவிகள் நன்றாகவே செய்யும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. அதற்கு ஆளை அறிந்த நூலகர் வேண்டும். படிவம் அந்தப் பூஜ்யத்தை எனக்குக் காட்டியது. அதன் காரணத்தை அவனிடம் பேசித்தான் தெரிந்துகொண்டேன்.

இளைஞர்களே, நாளை உங்கள் கணினித் திரையில் எண்கள் வரிசையாக வரும். அதிகம் வாசித்தவர்களைப் பாராட்டுங்கள். பிறகு பூஜ்யம் போட்ட பிள்ளையைத் தேடி அழையுங்கள். அவனுக்கான புத்தகம் உங்கள் அடுக்கில்தான் காத்திருக்கிறது.