நேராக உட்கார்ந்தால் சாய்ந்த மாதிரி இருக்கு!

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "இடுப்பு சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே, திரும்ப குதிரை ஏறினீங்களா?" ஏறிட்டேன். ஆனால் இடுப்பு சரியானது பாதி வேலைதான். மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். குதிரைப் பக்கமே போகாதவர்களும் கேளுங்கள். பைக் ஓட்டுகிறவர்களுக்கும், நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு சுருக்கம். எனக்கு ஊர் வேடசந்தூர், திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் வழியில் இருக்கிறது. "அங்க ஏதுங்க குதிரை?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் மாதிரி குதிரை வண்டிப் பந்தயமும் உண்டு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை வரைக்கும் போய் வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் 4 குதிரைகள் இருக்கின்றன. நான் அங்கேதான் பழகினேன்.

போன வருஷம் நாய் குறுக்கே வந்து, ஸ்கூட்டர் சறுக்கி, வலது பக்கமாக விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் 3 மாதம் வலது காலை ஊன்றாமல் நொண்டிக்கொண்டிருந்தேன். வலி போன பிறகும் இடுப்பு ஒரு பக்கம் தூக்கியே நின்றது. கண்ணாடியில் பார்த்தால் குர்தாவின் ஓரம் ஒரு பக்கம் ஏறியிருக்கும்.

ஊரில், "இடுப்பெலும்பு விலகிருச்சு, ஒரு தட்டு தட்டினா உட்கார்ந்துரும்" என்றார்கள். பிசியோதெரபி பார்த்த அக்கா சிரித்தார். "எலும்பு எங்கயும் போகலம்மா. இடுப்பெலும்பு முதுகுத்தண்டோட சேர்ற மூட்டு அசையுறதே சில மில்லிமீட்டர்தான். உன் தசைதான் ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கு." பக்கவாட்டு இடுப்புத் தசையைத் தளர்த்த வேண்டும், புட்டத் தசைக்குப் பலம் ஏற்ற வேண்டும், ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும். இதுதான் சிகிச்சை. வீட்டில் 2 எடை மெஷின் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நிற்பேன். முதல் நாள் இடது 34 கிலோ, வலது 24. கடைசியில் இரண்டுமே 29.

சரி, இனிமேல் பிரச்சினை இல்லை என்று குதிரை ஏறினால், 2 நிமிஷத்தில் பயம் வந்துவிட்டது. "மாஸ்டர், நான் வலது பக்கம் சரியுறேன்!"

அவர் நின்று பார்த்தார். "இல்ல பாப்பா. இப்பதான் நீ நேரா உட்கார்ந்திருக்க."

நம்பவில்லை. போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். காது, தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தது. பின்னால் இருந்து எடுத்ததிலும் முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு மட்டும் "விழப் போறே, விழப் போறே" என்று கத்திக்கொண்டே இருந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. எஃப். எம். அலெக்சாண்டர் என்று ஒரு ஆஸ்திரேலியர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேடையில் பேசி நடித்தவர். குரல் கட்டிக்கொண்டே போனதால், கண்ணாடி வைத்துத் தன்னையே கவனித்தார். தலையை முன்னால் கொண்டு போகிறோம் என்று அவர் நினைத்தபோது, கண்ணாடியில் தலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. பழகிப்போன சாய்வைத்தான் உடம்பு "நேர்" என்று குறித்து வைத்துக்கொள்கிறது. தசையை மாற்றினாலும் அந்தக் குறிப்பு உடனே மாறுவதில்லை.

அதை மாற்றுவதற்குக் குதிரை ரொம்ப நல்ல வாத்தியார். நாற்காலியில் உட்கார்ந்து கையை அடியில் வைத்துப் பாருங்கள். உருண்டையாக 2 எலும்பு தட்டுப்படும். குதிரைக்கு நாம் பேசுவது அந்த இரண்டு எலும்பின் வழியாகத்தான். இடது பக்கம் கனம் கூடினால் குதிரை பெரும்பாலும் இடது பக்கமே ஒதுங்கும். அதோடு, குதிரை நடக்கும்போது நம் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சுழன்றும் அசையும். ஏறக்குறைய நாம் நடக்கும்போது அசைகிற மாதிரியேதான். குதிரையை வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு அடிப்படையே இதுதான்.

மாஸ்டர் கடிவாளத்தை என்னிடம் தரவில்லை. நீளக் கயிற்றில் குதிரையைக் கட்டி வட்டமாக நடத்தினார். அங்கவடியில் கால் வைக்கக் கூடாது. தினம் 10 நிமிஷம், வெறும் நடைதான். அப்புறம் கண்ணை மூடச் சொன்னார். "பின்னங்கால் எது ஊன்றுதுன்னு சொல்லு." இடது, வலது, இடது என்று சொல்லச் சொல்ல, என் பயத்தைக் கவனிக்க நேரமே இல்லை. பிறகு மணலில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, "இது மேல நடத்து" என்றார். முதல் வாரம் குளம்புத் தடம் கோட்டை விட்டு விலகிப் போனது. 6-வது வாரம் தடம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. அப்போதும் எனக்குக் கொஞ்சம் சரிவது போலத்தான் இருந்தது. ஆனால் தடத்தை நம்பினேன்.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலை இங்கே சொல்லியாக வேண்டும். 1944-ல், கர்ப்பமாக இருந்தபோது போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே செயல் இல்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் டிரஸ்ஸாஜ் போட்டியில் பெண்களை முதன்முதலாக அனுமதித்தார்கள். ஆண்களோடு போட்டியிட்டு அவர் வெள்ளி வாங்கினார். 1956-ல் மறுபடியும் வெள்ளி. காலால் சொல்ல முடியாததை உட்காரும் விதத்தாலும் உடம்பின் எடையாலும் குதிரைக்குச் சொன்னார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அம்மாவைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. எங்கள் ஊர் நூல் மில்லில் நின்றே வேலை பார்த்தவர். தண்ணீர்க் குடம் எப்போதும் இடது இடுப்பில்தான். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு காலும் ஒரே பக்கம். ஒருநாள் அந்த 2 மெஷின் மேல் நிற்க வைத்தேன். 9 கிலோ வித்தியாசம். "நான் நேராத்தாண்டி நிக்கிறேன்" என்றார். அவருக்கு அது பொய்யில்லை. இப்போது குடத்தை ஒரு நடை இடது, ஒரு நடை வலது என்று மாற்றி எடுக்கிறார். திட்டிக்கொண்டேதான்.

நீங்களும் 2 எடை மெஷின் கிடைத்தால் நின்று பாருங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் உட்காரும்போது எடுத்து வையுங்கள். பையைத் தோள் மாற்றிப் போடுங்கள். புதுசாகப் பழகும்போது கோணலாகத் தோன்றினால், பதறித் திரும்பிப் போகாமல் வீடியோ எடுத்துப் பாருங்கள். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாட்டில் சிக்கல் என்று ஏதாவது இருந்தால், எந்தப் பயிற்சிக்கும் முன்னால் டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மெஷின் என்ன சொன்னது என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.